கணவர் பெயர் கட்டாயம்

அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை வைத்தது நான்தான். படிவத்தில் ‘தந்தை / கணவர் பெயர்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இருக்குமே, நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்கு நகர விடாத அந்தக் குட்டி நட்சத்திரம்.

2015இல் திருவண்ணாமலையில் மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு ஒன்றுக்காக, உறுப்பினர் விவரங்களையும் கடன் தவணைகளையும் பதிந்து வைக்க ஒரு சின்ன மென்பொருள் செய்து கொடுத்தேன். பிஎச்பி, மைஎஸ்க்யூஎல். எனக்குக் கிடைத்த முதல் சொந்த வேலை. ஏழாயிரம் ரூபாய் பேசி ஐந்தாயிரம் வாங்கினேன் (அது தனிக் கதை). எந்தெந்தத் தகவல் வேண்டும் என்று கேட்டபோது, அலுவலகத்தில் இருந்தவர் ஒரு பழைய நோட்டைத் தூக்கிக் கொடுத்தார். நோட்டில் பெயர், தந்தை / கணவர் பெயர், ஊர், வயது என்று கோடு போட்டிருந்தது. நான் அதை அப்படியே தரவுத்தளத்தின் அட்டவணையாக மாற்றினேன். நோட்டில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் நோட்டு ஒன்றும் சொல்லாது. கணினியில் அப்படி விடக் கூடாது என்று எனக்குக் கற்றுத் தந்திருந்தார்கள். ‘நாட் நல்’ என்று இரண்டு சொல் சேர்த்தேன். காலியாக இருக்கக் கூடாது என்று பொருள். நல்ல வடிவமைப்பு என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

முதல் நாளே மானம் போனது. முனியம்மாள் என்று தட்டினால் திரையில் பதினொரு கேள்விக்குறிகள் வந்தன. ஆறு எழுத்துப் பெயருக்கு எதற்குப் பதினொன்று? கணினி மெய்யின் புள்ளியையும், உயிர்மெய்யின் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியாக எண்ணுகிறது. மைஎஸ்க்யூஎல் அன்றைக்கு எதுவும் சொல்லாவிட்டால் ‘லத்தீன்1’ என்ற எழுத்துத் தொகுதியை எடுத்துக்கொள்ளும். அதில் தமிழுக்கு இடமே கிடையாது. 2018இல் 8.0 பதிப்பு வந்த பிறகுதான் ‘யூடிஎஃப்8எம்பி4’ இயல்பானது. பழைய சர்வரில் வேலை செய்யும் தோழிகள் தரவுத்தளம், அட்டவணை, இணைப்பு மூன்றிலும் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை விட்டாலும் கேள்விக்குறிதான். அன்று பிற்பகலுக்குள் அதைச் சரிசெய்துவிட்டேன். பெயர் தமிழில் வந்ததும் கைதட்டினார்கள். எனக்குக் கண்ணில் நீர்கூட வந்தது.

மறுநாள் செங்கம் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பதிவு செய்ய உட்கார்ந்திருந்த பையன் கேட்டான்:

“கணவர் பேரு?”

“அந்தாளு பேரு எதுக்குப்பா? வுட்டுட்டுப் போயி பதினோரு வருஷமாச்சு. போடாத.”

“போடலன்னா கம்ப்யூட்டர் எடுத்துக்காதும்மா.”

“அப்பா பேரப் போடு.”

“கல்யாணம் ஆயிடுச்சுன்னா கணவர் பேருதான் போடணும்னு சாரு சொல்லியிருக்காரும்மா.”

வரிசையில் பின்னால் இருபது பெண்கள் நின்றிருந்தார்கள். அக்கா குனிந்து, பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்காத குரலில், ஒரு பெயரைச் சொன்னார். கட்டியவன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்ட தலைமுறை அவர். விட்டுப் போன பிறகு, சொல்லப் பிடிக்காமல் பதினொரு வருடம் சொல்லாமல் இருந்தவர். அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து பிடுங்கியது கோவிலும் அல்ல, மாமியாரும் அல்ல, நான் தட்டிய இரண்டு சொல். நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

‘கம்ப்யூட்டர் எடுத்துக்காது.’ இந்த வாக்கியத்தைக் கேட்காத பெண் இந்த ஊரில் இருக்கிறாளா? வங்கியில், கல்லூரி அலுவலகத்தில், மருத்துவமனைச் சீட்டு எழுதும் இடத்தில், தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் எல்லாம் கேட்கிறோம். கணினி எதையும் தானாக மறுப்பதில்லை. எங்கேயோ ஓர் அறையில் யாரோ ஒருவர் அந்தக் கட்டத்தைக் கட்டாயம் என்று குறித்திருக்கிறார். அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதுதான் என் கேள்வி. தொழில்நுட்பத்துக்குப் பால் கிடையாது, அது வெறும் கருவி என்று சொல்லும் நண்பர்களிடம் நான் அட்டவணையைத் திறந்து காட்டச் சொல்வேன். எந்தக் கட்டம் கட்டாயம், எது விருப்பம், பாலினம் என்ற இடத்தில் எத்தனை வட்டங்கள் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2008இலேயே திருநங்கையர் நல வாரியம் வந்துவிட்டது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றுத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2015இல் நான் செய்த படிவத்தில் இரண்டே வட்டங்கள்தாம். அதையும் நான்தான் செய்தேன், வேறு யாரைச் சொல்ல?

இதெல்லாம் மாற்றவே முடியாத பெரிய விஷயம் என்று யாரும் ஏமாற்ற வேண்டாம். 2016 டிசம்பரில் கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் போதும் என்று வெளியுறவு அமைச்சகம் விதியைத் தளர்த்தியது. மணச் சான்று இணைப்பதும் தேவையில்லை என்றானது. 2018 டிசம்பர் 5 முதல், தாய் தனியாக வளர்த்த பிள்ளை தந்தை பெயர் எழுதாமலேயே பான் அட்டை கேட்கலாம். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, குடும்ப அட்டைக்கு வீட்டின் மூத்த பெண்தான் குடும்பத் தலைவர் என்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில், திருமணமாகாத தனித்த பெண்கள், கணவரை இழந்தவர்கள், திருநங்கைகள் தலைமையில் இருக்கும் குடும்பங்களுக்கும் அவர்களையே குடும்பத் தலைவியாகக் கருத வேண்டும் என்று விதியில் எழுதினார்கள். 1 கோடியே 6 லட்சம் பெண்களுடைய மாதம் ஆயிரம் ரூபாய் அந்த அட்டவணைகள் வழியாகத்தான் போகத் தொடங்கியது. ஒரு கட்டம் என்பது சின்ன விஷயமா, சொல்லுங்கள்.

இவை யாருடைய பெருந்தன்மையாலும் வந்துவிடவில்லை. 2015 ஜூலையில், மணம் செய்துகொள்ளாத ஒரு தாய், தன் பிள்ளையின் தந்தை யார் என்று சொல்லாமலே காப்பாளராகலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கின் பெயரில் அவர் வெறும் ‘ஏபிசி’. ஒரு கட்டத்தைக் காலியாக விடும் உரிமைக்காக ஒரு பெண் உச்ச நீதிமன்றம் வரை படியேறியிருக்கிறார். அதே வேலையை நான் என் மேசையில் ‘ஆல்டர் டேபிள்’ என்று தொடங்கும் ஒரே வரியில் செய்திருக்கலாம். எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

ஏன் நான்கு மாதம்? இதைக் கேட்க, விவாதிக்க, “நீ செய்தது தப்புடி” என்று ஒரு தோழி சொல்ல, எனக்கு ஓர் இடம் இல்லை. அதனால்தான் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினேன்.

சென்னையில் நடந்த ஒரு வலைத்தள உருவாக்குநர் சந்திப்பு அது. பெயர் வேண்டாம். காலை ஐந்து மணிக்கு மத்தியப் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறினேன். திண்டிவனத்தில் ஒரு காபி குடித்து, நகரத்துக்குள் நுழைந்து அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும்போது முதல் உரை முடிந்திருந்தது. நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பெண்கள் மூன்று பேர். அதில் ஒருவரைப் பெயர் பதியும் மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். மதியம் அவர் கிளம்பியதும் என்னிடம் வந்தார்கள்: “மேடம், கொஞ்சம் ரிஜிஸ்ட்ரேஷன் பாத்துக்கறீங்களா?” நான் பார்த்துக்கொண்டேன். இண்டெக்ஸ் பற்றிய உரை, நான் வந்ததே அதற்காகத்தான், கதவுக்கு வெளியிலிருந்து பாதி கேட்டது. உரையாளர் ஒரு கட்டத்தில், “எங்க அம்மாவுக்கே புரியற மாதிரி சொல்றேன்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் வயதில் அங்கே இருந்த ஒரே ஆள் நான். எனக்கும் இரண்டு பிள்ளைகள்.

நாலு மணிக்கு நான் கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் வீடு சேரப் பதினொரு மணி ஆகிவிடும். ஆனால், அந்தக் கூட்டத்தில் உண்மையான கூட்டம் ஆறு மணிக்குமேல் டீக்கடையில்தான் நடந்தது என்று பிறகு தெரிந்தது. யாருக்கு எந்த நிறுவனத்தில் ஆள் தேவை, எந்த வேலைக்கு எவ்வளவு கேட்கலாம், எந்த வாடிக்கையாளர் பணம் தர மாட்டார் என்பதெல்லாம் அங்கேதான் பேசப்பட்டது. ஏழாயிரத்துக்கு ஐந்தாயிரம் வாங்கியவளுக்கு வேண்டியிருந்தது அந்தப் பேச்சுதான்.

2024 மே மாதம் கடற்கரை – வேலூர் ரயிலை எங்கள் ஊர் வரை நீட்டித்தார்கள். எல்லாருக்கும் மகிழ்ச்சி, எனக்கும்தான். அது மாலை 6 மணிக்குக் கிளம்பி இங்கே வந்து சேரும்போது நள்ளிரவு. நிலையத்திலிருந்து வீடு வரை ஆட்டோவில் போகும் அந்தப் பத்து நிமிடத்தை எந்தக் கால அட்டவணையிலும் போடவில்லை. இத்தனைக்கும் பிறகு ஒருவர் மைக்கைப் பிடித்து, “ஏன் பெண்கள் வருவதே இல்லை? அவர்களுக்கு ஆர்வம் இல்லையா?” என்று வருத்தப்படுகிறார். ஆர்வம்! ஆர்வம் இருந்ததால்தான் ஐயா, விடிவதற்கு முன் எழுந்து இட்லி ஊற்றி வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். மைஎஸ்க்யூஎல் என்ற பெயரில் இருக்கும் ‘மை’ யார் தெரியுமா? அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மோன்டி விடேனியஸின் மகள். அதிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபி, அவருடைய இளைய மகள் மரியாவின் பெயரில் இருக்கிறது. உலகத்தில் எத்தனையோ வலைத்தளங்களின் அடியில் இரண்டு மகள்களின் பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது. மகளின் பெயரை வைப்பதில் யாருக்கும் சிக்கலே இல்லை. நம் ஊரிலும் கடைக்கு, பஸ்ஸுக்கு, லாரிக்கு மகள் பெயர்தான். சிக்கல் எல்லாம் மகள் அறைக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்போதுதான்.

ஆனால், அவள் உட்கார்ந்துதான் இருந்தாள். ஐபிஎம் ஆய்வகத்தில் பட்ரீசியா செலிங்கரும் அவருடைய சகாக்களும் 1979இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாம் ஒரு வினவல் எழுதும்போது எந்த அட்டவணையை முதலில் படிப்பது, இண்டெக்ஸ் வழியாகப் போவதா, முழு அட்டவணையையும் துழாவுவதா என்று தரவுத்தளமே செலவைக் கணக்கிட்டு முடிவெடுக்கும் முறை அதில் இருக்கிறது. இன்றைக்கும் போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் எல்லாம் அந்தத் திசையில்தான் யோசிக்கின்றன. நான் கல்லூரியில் படித்த மூன்று ஆண்டுகளில் இந்தப் பெண்ணின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

எனக்கு அவர் உதவியது ஒரு தீபத் திருவிழாவின்போது. இங்கே ஒரு விடுதிக்கு அறை பதிவு செய்யும் தளம் செய்து கொடுத்திருந்தேன். சாதாரண நாளில் நன்றாக ஓடியது. கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரம், ஊரே வந்து மோத, பக்கம் திறக்க ஒரு நிமிடம் ஆனது. உரிமையாளர் போனில், “பொம்பளப் புள்ளகிட்ட குடுத்தது என் தப்பு” என்றார். நான் வினவலுக்கு முன்னால் ‘எக்ஸ்ப்ளெயின்’ என்ற சொல்லைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். காலியான அறையைத் தேட ஒவ்வொரு முறையும் மூன்று வருடப் பதிவு முழுவதையும் அது படித்துக்கொண்டிருந்தது. தேதிப் புலத்தில் ஓர் இண்டெக்ஸ் போட்டேன். பக்கம் கண் சிமிட்டும் நேரத்தில் திறந்தது. வினவல் மெதுவாக ஓடினால், ‘நமக்கு அறிவில்லை’ என்று நினைப்பதற்கு முன் அந்த ஒரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். அந்த ஆள் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு நான் கூலியை இரண்டு மடங்காக்கினேன், கொடுத்தார்.

கற்க ஆங்கிலம் வேண்டுமே, செலவு ஆகுமே என்று தயங்கும் மாணவிகளுக்கு ஒன்று சொல்கிறேன். 2012இல் தொடங்கிய கணியம் இதழில் து. நித்யா தமிழில் மைஎஸ்க்யூஎல் பற்றி எழுதினார். ‘எளிய தமிழில்’ என்ற வரிசையில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், லினக்ஸ் என்று தொடர்ந்து எழுதினார். எல்லாம் மின்னூலாக இலவசம், யாரும் படியெடுத்துப் பகிரலாம். தமிழில் தரவுத்தளம் கற்க வருகிறவர்கள் கையில் எடுக்கும் நூலை ஒரு பெண் எழுதியிருக்கிறார். மேடையில் நின்று ஆர்வம் இல்லையா என்று கேட்பவர்களுக்கு இதை நினைவூட்டுங்கள். அரசுப் பள்ளியில் 12ஆம் வகுப்பு ‘கணினிப் பயன்பாடுகள்’ எடுத்த பெண்கள் பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் தமிழ் வழியிலேயே படிக்கிறார்கள். கணினி அறிவியல் எடுத்தவர்கள் பைத்தானில் எஸ்க்யூலைட்டைத் தொடுகிறார்கள். அதாவது, இந்த மாவட்டத்தில் தரவுத்தளம் தெரிந்த பெண்கள் இல்லாமல் இல்லை. வந்தவாசியிலும் போளூரிலும் கலசபாக்கத்திலும் இருக்கிறார்கள். பிளஸ் டூ முடித்ததும் அவர்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள்.

கணினி எங்கே போனது என்றும் கேளுங்கள். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வாங்கிய எத்தனை பெண்கள் அதைத் தாங்களே வைத்திருந்தார்கள்? என் மாணவி ஒருத்தியின் மடிக்கணினி அண்ணன் படம் பார்க்கப் போனது. இன்னொருத்தியுடையது பரணில் கிடந்தது. அதை இறக்கித் துடைத்து எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டோம், ஓடுகிறது. அதுவும் இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டு போனில் எஃப்-டிராய்ட் வழியாக டெர்மக்ஸ் இறக்கிக்கொள்ளலாம். அதற்குள் எஸ்க்யூலைட்டும் பிஎச்பியும் நிறுவிக்கொள்ளலாம். விரல் வலிக்கும், ஆனால் வினவல் வினவல்தான்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் 2022இல் ஆறு பேரோடு தொடங்கியது. “பெண்களுக்கென்று தனியாக எதற்கு? இதுவும் பாகுபாடுதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சென்னைக் கூட்டத்தில் நாற்பது பேரில் மூவர் பெண்கள் என்றபோது அதை யாரும் ‘ஆண்களுக்கான கூட்டம்’ என்று அழைக்கவில்லையே. நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. 2014இல் பெர்லினில் இரண்டு பெண்கள் ‘ஜாங்கோ கேர்ள்ஸ்’ பயிற்சியைத் தொடங்கியபோது கட்டணம் வாங்கவில்லை. மூன்று பேருக்கு ஒரு வழிகாட்டி வைத்தார்கள். மென்பொருள் நிறுவும் தலைவலியை முந்தைய நாளே முடித்தார்கள். 2002இல் வால் ஹென்சன் என்ற பெண், லினக்ஸுக்குப் பெண்களை வரவேற்பது எப்படி என்று ஒரு கையேடு எழுதினார். அதில் ஒரு விதி: உதவுகிறேன் என்று சொல்லி அவள் கையிலிருந்து விசைப்பலகையைப் பிடுங்காதே. அதை எங்கள் சுவரில் தமிழில் ஒட்டியிருக்கிறோம். ஒட்டிய பிறகும் நானே இரண்டு முறை பிடுங்கியிருக்கிறேன்.

பௌர்ணமியில் கூட்டம் வைப்பதில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் நிரம்பி வழிகிற நாளில் கலசபாக்கத்திலிருந்து வரும் பெண் எந்தப் பஸ்ஸில் ஏறுவாள்? காலை பத்தரைக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடிப்போம். ‘பிறகு டீக்கடையில்’ என்ற பேச்சே கிடையாது. எவ்வளவு கூலி கேட்பது என்பதையும் கூட்டத்துக்குள்ளேயே பேசுகிறோம். பிள்ளைகளைக் கூட்டி வரலாம். கழிப்பறை இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் இடம் முடிவாகும்.

அப்படிப் பார்த்தும் நாங்கள் தவறினோம். முதல் ஐந்து மாதம் ஒரு தோழியின் வீட்டு மாடியில் கூடினோம். வசதியான வீடு, நல்ல இணையம். இரண்டு முறை வந்த ஒரு கல்லூரி மாணவி பிறகு வரவில்லை. போன் செய்து கேட்டதற்குப் பரீட்சை என்றாள். மூன்றாவது முறை கேட்டபோதுதான் சொன்னாள்: “அந்தத் தெருவுல எங்க அம்மா வீட்டு வேலை செய்யறாங்கக்கா. தண்ணி கேட்டா தனி டம்ளர்ல தந்தாங்க, நீங்க யாரும் பாக்கல.” நாங்கள் பார்க்கவில்லை. பெண்கள் என்று ஒரே கட்டத்துக்குள் எல்லாரையும் போட்டுவிட்டால் போதும் என்று நினைத்த எங்கள் அட்டவணையும் கோணல்தான். அந்த வீட்டுத் தோழி மாமியாரைக் கைகாட்டி அழுதாள். அழுகையைக் கேட்டுக்கொண்டு அங்கேயே இருந்திருந்தால் அந்த மாணவியை இழந்திருப்போம். ஒரு நூலகத்தின் வாசிப்பு அறைக்கு மாறினோம். இணையம் இழுக்கிறது. அவள் வருகிறாள், இப்போது ஜாயின் வகுப்பு அவள்தான் எடுக்கிறாள்.

மார்ச் 8 அன்று ரோஜாப்பூவும் கேக்கும் கொடுத்து, ‘தொழில்நுட்பத்தில் பெண்கள்’ என்று ஓர் உரையாடல் வைக்கும் நிறுவனங்களை நம்பி இதை விட முடியாது. 2011இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ‘விமன் ஹூ கோட்’ உலகம் முழுக்கக் கிளை விட்ட பெரிய அமைப்பு. 2024 ஏப்ரலில் நிதி இல்லை என்று மூடிவிட்டார்கள். ஸ்பான்சர் பணம் போனதும் எல்லாம் போனது. எங்களுக்குச் செலவு மாதம் முந்நூறு ரூபாய், அதில் பாதி சுண்டல். மூடுவதற்கு ஒருவரும் உத்தரவு போட முடியாது.

அந்த அக்கா போன வருடம் என்னைத் தேடி வந்தார். கூட்டமைப்பு அந்தப் பழைய மென்பொருளை இன்னும் வைத்திருக்கிறது. நட்சத்திரத்தை எடுத்ததோடு என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

“இப்ப புதுசா வர்றவங்க கணவர் பேரு போடாம வுடலாமாமே?”

“ஆமாக்கா. அப்பவே மாத்திட்டேன்.”

“அப்ப என்து?”

நான் யோசிக்கவே இல்லை. புதிதாக வருகிறவர்களுக்குத்தான் கட்டம் விருப்பமானது. முன்பே பிடுங்கி வைத்த பெயர்கள் அப்படியே கிடந்தன. அவருடைய உறுப்பினர் எண்ணைக் கேட்டு, அவர் பார்க்க, ‘அப்டேட்’ எழுதினேன். ‘வேர்’ என்ற நிபந்தனையை மட்டும் மறந்துவிடாதீர்கள், மறந்தால் எல்லார் கட்டமும் காலியாகிவிடும். எண்டர் பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னேன். கட்டம் காலியானது.

“வேற எங்கியாவது இருக்கா?”

பேக்கப் எடுத்த சி.டி.க்கள் இருந்தன. மூன்று.

“அதயும் எடு.”

அன்று மாலைக்குள் இரண்டைக் கண்டுபிடித்து உடைத்தோம். மூன்றாவதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். வாரம் ஒருமுறை போன் செய்து கேட்கிறார்.